உப்புமா முதல் பாக்கெட் மாவு வரை: அவசர டிபனின் கதை

தமிழ்நாட்டில் உப்புமாவைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. விடுதி மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். சினிமாக்காரர்கள் ஒரு படி மேலே போய், கையில் காசில்லாமல் படம் எடுக்கக் கிளம்பும் நிறுவனத்துக்கு "உப்புமா கம்பெனி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அது செய்த குற்றம் ஒன்றுதான்: பதினைந்து நிமிஷத்தில் தயாராகிவிடுகிறது! முந்தின நாள் ஊறப்போட வேண்டாம், அரைக்க வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பங்கு ரவைக்கு இரண்டரை பங்கு தண்ணீர் கொதிக்கவிட்டு, வறுத்த ரவையைத் தூவிக் கிளறி மூடி வைத்தால் வேலை முடிந்தது.

இட்லிக்கு யாரும் இப்படிப் பழிப்புச் சொல்வதில்லை. காலையில் ஆவியில் வேக அதற்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் இருக்கிறது. நேற்றுக் காலையிலோ மதியமோ யாரோ ஒருவர் அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போட்டிருக்கிறார், சாயங்காலம் அரைத்திருக்கிறார், உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். அந்த யாரோ ஒருவர் அந்த வீட்டில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை உணவைச் சீக்கிரம் செய்வது எப்படி என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த முந்தின நாள் வேலை யார் தலையில் விழுந்தது, எந்த எந்திரத்தின் தலைக்கு மாறியது, மாறிய பிறகு மிச்சமான நேரம் எங்கே போனது என்பதுதான் அந்த வரலாறு.

முதலில் ஒரு விஷயம். "அவசர டிபன்" என்பதே புதிய பிரச்சினை. நூறு வருஷத்துக்கு முன்னால் பெரும்பாலான தமிழ் வீடுகளில் காலையில் அடுப்பே எரியாது. ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிவதற்குள் லேசாகப் புளித்துவிடும். காலையில் உப்பு, கொஞ்சம் மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். அவ்வளவுதான். வடித்தெடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு வயலுக்குப் போனார்கள். நெல் விளையாத வறண்ட பகுதிகளில் சோற்றின் இடத்தில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் இருந்தன. அதுவும் முதல் நாள் ராத்திரி காய்ச்சி வைத்து, காலையில் கரைத்துக் குடிப்பதுதான். (கம்பை உரலில் போட்டு இடிப்பதும், கேழ்வரகைத் திருகையில் திரிப்பதும் சாதாரண வேலை அல்ல. ஆனால் அது காலை நேரத்து வேலை அல்ல.) நேரக் கணக்கு மட்டும் பார்த்தால், பழைய சோற்றை விட வேகமான காலை உணவு இன்று வரை கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு நிமிஷம்கூட வேண்டாம்!

இந்தப் பழக்கத்தை அசைத்த முதல் ஆள் காப்பி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் நீராகாரத்தின் இடத்தைக் காப்பி எப்படிப் பிடித்தது, அதைப் பார்த்து அந்தக் காலத்துப் பெரியவர்கள் எப்படிப் பதறினார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பழைய சோற்றோடு காப்பி ஒட்டாது. காப்பி வந்தால் கூடவே சூடாக ஏதாவது வேண்டும். அங்கேதான் டிபன் நுழைகிறது.

டிபன் என்ற சொல்லே இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது லேசான மதிய உணவு. 1886-ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. தெற்கே வந்தபோது பொருள் மாறிவிட்டது. சாப்பாடு அல்லாத, பசி தாங்குகிற எல்லாமே டிபன். இன்னொரு வேடிக்கை: பழைய நகரத்துக் குடும்பங்கள் பலவற்றில் டிபன் காலை உணவே அல்ல. பத்து மணிக்கு ஆபீஸ் போகிறவர் ஒன்பது மணிக்குச் சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். டிபன் மாலை மூன்று, நாலு மணிக்கு. வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் நேரம் முன்னால் நகர்ந்து, மதியச் சாப்பாடு டப்பாவுக்குள் போன பிறகுதான் காலையில் டிபன் என்ற ஏற்பாடு உறுதியானது. ஆக, ஒரே காலையில் இரண்டு சமையல். ஒன்று உடனே சாப்பிட, ஒன்று கட்டிக்கொடுக்க. காலை அவசரம் என்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இட்லி பழைய பண்டம்தானே, அது எப்போதும் இருந்ததுதானே என்று கேட்கலாம். பழையதுதான். கி.பி. 920-ஐ ஒட்டி சிவகோட்டியாச்சார்யா எழுதிய கன்னட நூலான "வட்டாராதனெ"யில் "இட்டலிகெ" என்ற பெயர் வருகிறது. சுமார் 1025-ல் இரண்டாம் சாவுண்டராயரின் "லோகோபகாரம்" செய்முறையே சொல்கிறது: உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிரின் தெளிந்த நீரோடு கலந்து, மசாலாப் பொருள்கள் சேர்த்துச் செய்வது. கவனித்தால் தெரியும், இதில் அரிசி இல்லை. ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பதும் இல்லை, ஆவியில் வேகவைப்பதும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டியவர் உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆசயா. அந்த மூன்றும் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் ஓர் ஊகமும் சொன்னார். அது ஊகமாகவே நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒரு தடவை இட்லி சாப்பிட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

கிராமங்களில் அந்தக் கேள்விக்குப் பதில், வருஷத்துக்குச் சில தடவை. தீபாவளி, ஊர்த் திருவிழா, வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தால். 1970கள் வரையிலும், பல ஊர்களில் அதற்குப் பிறகும்கூட இதுதான் நிலைமை. தீபாவளியன்று விடியற்காலையில் இட்லிக்காகவே காத்திருந்த கதையைச் சொல்லாத பாட்டி தாத்தாக்கள் கிராமத்தில் குறைவு. காரணம் இரண்டு. முதலாவது, அரிசியும் உளுந்தும் காசு. இரண்டாவது, ஆட்டுக்கல்.

ஆட்டுக்கல்லைப் பார்க்காத தலைமுறை வந்துவிட்டதால் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரையில் பதித்த கனமான கருங்கல். நடுவில் குழி. குழிக்குள் நிற்கிற குழவி. ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்ற வேண்டும், இன்னொரு கையால் ஓரத்தில் ஏறி வரும் மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்துக்கு அவ்வப்போது தண்ணீர் தெளித்துத் தெளித்து, பொங்கி வரும்வரை அரைக்க வேண்டும். அரிசி அதை விடக் கடினம். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. தோள்பட்டை கழன்றுவிடும். கல் வழுவழுத்துப் போனால் மாவு அரைபடாது, அதற்காக உளியும் சுத்தியலுமாகத் தெருவில் வருவார்கள் கல் கொத்துகிறவர்கள். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்ற குரல் ஒரு காலத்தில் தெருவின் வழக்கமான சத்தம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாவாட்டத் தெரியுமா என்று கேட்டதெல்லாம் சும்மா பேச்சுக்கு அல்ல. தினசரி இட்லி என்பது தினசரி ஒரு மணி நேர உடலுழைப்பு. வசதியுள்ள வீட்டில் அதற்கு வேலைக்காரப் பெண் இருந்தார். இல்லாத வீட்டில் தினசரி இட்லியும் இல்லை.

இந்த இடத்தில்தான் ரவை உள்ளே வருகிறது. 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. போர்க்காலத் தட்டுப்பாடு, ரேஷன். பெங்களூரில் 1924-ல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் (எம்.டி.ஆர்.), அரிசி கிடைக்காத அந்த நாட்களில்தான் ரவை இட்லியைத் தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்கிறது. வறுத்த ரவை, தயிர், சோடா உப்பு, மேலே முந்திரியும் தாளிப்பும். ராத்திரி முழுக்க நுண்ணுயிர்கள் செய்யும் வேலையைத் தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து சில நிமிஷத்தில் செய்துவிடுகின்றன. அரைப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பஞ்ச காலத்து மாற்று ஏற்பாடு என்று வந்த பண்டம், போர் முடிந்த பிறகும் போகவே இல்லை. 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தபோது மறுபடி அரிசித் தட்டுப்பாடு, மறுபடி கோதுமை. இந்த முறை அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமை. தமிழ்நாட்டு மக்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதற்கு 1967 தேர்தலே சாட்சி. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொன்ன கட்சி ஆட்சிக்கு வந்தது. உப்புமா மீது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் இளக்காரத்துக்கு வேர் தேடினால், அது வேகமாகச் செய்யப்படுவது மட்டும் காரணமாக இருக்காது. அரிசி இல்லாத நாளின் உணவு என்ற நினைப்பும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

அரிசியைக் கைவிடாமல் நேரத்தை மட்டும் குறைக்க முடியுமா? அதற்கான பதில் கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

அது அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம், பஞ்சாலைகள், கிணற்றுப் பாசனத்துக்கான பம்புகள், அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகள், வார்ப்படச் சாலைகள். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர். சின்ன மோட்டாரை எதில் பொருத்தலாம் என்று யோசிக்கிற கைகள் அங்கே நிறைய இருந்தன. 1955-ல் பி. சபாபதி என்பவர் அதை ஆட்டுக்கல்லில் பொருத்தினார். வெட் கிரைண்டர் பிறந்தது.

அதில் ஒரு சின்ன தலைகீழ் மாற்றம் இருக்கிறது, கவனிக்க வேண்டியது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும், கீழே உள்ள கல் சுற்றும். மனிதக் கைக்குச் சுலபமானது குழவியைச் சுற்றுவது. மோட்டாருக்குச் சுலபமானது அடிப்பாத்திரத்தைச் சுற்றுவது. மாவைத் தள்ளிவிட்ட கைக்குப் பதில் ஒரு பலகைத் துண்டு. ஆனால் கல்லோடு கல் உரசும் வேலை அப்படியே இருக்கிறது. அதனால்தான் மாவும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. கல் மெதுவாகச் சுற்றுவதால் உளுந்து சூடாவதில்லை, காற்றும் உள்ளே சேர்ந்து மாவு பொங்குகிறது. 1960களில் எஸ்.பி. மாத்தூர் உருவாக்கிய சுமீத் மிக்ஸி வந்தபோது சட்னியும் மசாலாவும் அம்மியை விட்டு அங்கே போயின. இட்லி மாவு மட்டும் முழுசாகப் போகவில்லை. மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுற்றி உளுந்தைச் சூடாக்கிவிடும், இட்லி கல்லாகிவிடும். இன்றைக்கும் இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் வைத்திருப்பது இதனால்தான்.

கிரைண்டர் முதலில் பெரியதாக, விலை அதிகமாக இருந்தது. ஹோட்டல்களுக்கும் மாவரைத்துக் கொடுக்கும் கடைகளுக்கும் போனது. ஊறிய அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கு இவ்வளவு என்று கொடுத்து அரைத்து வருவது பல தெருக்களில் வழக்கமானது. பிறகு சாய்த்து மாவை வழிக்கும் மாடல், பிறகு மேடை மேல் வைக்கும் டேபிள் டாப். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், கோவை மோட்டார், வீட்டுக்கு வீடு கிரைண்டர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் வாங்கியது. இதே காலத்தில் அடுப்பும் மாறிக்கொண்டிருந்தது. ஊதுகுழலோடு போராடிய விறகடுப்பு போய் மண்ணெண்ணெய் ஸ்டவ், அப்புறம் கேஸ். பிரஷர் குக்கரும் வந்தது. வெண்பொங்கல் நாலு விசிலில் முடிந்தது. அதே குக்கருக்குள் வெயிட் போடாமல் இட்லித் தட்டுகளை அடுக்கி வேகவைத்தார்கள். துணி விரித்த இட்லிப் பானையைத் துவைத்துக் காயப்போடும் வேலை பல வீடுகளில் மறைந்தது.

ஆக, பெண்களுக்கு வேலை குறைந்துவிட்டதா?

இங்கேதான் கதை கோணலாகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால் "அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை". சலவை எந்திரம், வாக்குவம் கிளீனர் எல்லாம் வந்தும் அமெரிக்க இல்லத்தரசியின் வீட்டுவேலை நேரம் ஏன் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, எந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு சட்டை என்றிருந்தவர்கள் தினமும் துவைத்த சட்டை கேட்டார்கள். வேலையில் பங்கெடுத்த மற்றவர்களும், வேலையாட்களும் விலகிக்கொண்டார்கள், எல்லாம் ஒரே ஆள் தலையில் சேர்ந்தது.

கோவன் கிரைண்டரைப் பற்றி எழுதவில்லை. ஆனால் "சட்டை" என்று வரும் இடத்திலெல்லாம் "இட்லி" என்று போட்டுப் படிக்கலாம். ஆட்டுக்கல் இருந்தவரை இட்லி தீபாவளிப் பண்டம். கிரைண்டர் வந்ததும் அது செவ்வாய்க்கிழமைப் பண்டம். பழைய சோறு ஏழைகளின் உணவு என்று பெயர் வாங்கி ஒதுங்கியது. காலையில் சூடாக இட்லி, தோசை, தொட்டுக்கொள்ள ஒரு சட்னி போதாது, வெள்ளையும் சிவப்பும் வேண்டும், சாம்பாரும் இருந்தால் நல்லது. இதற்கு நடுவே மதிய டப்பா. வருஷத்துக்கு நாலு நாள் தோள் வலிக்க மாவாட்டியவர் இடத்தில், வாரத்துக்கு இரண்டு தடவை ஊறப்போட்டு, அரைத்து, வழித்து, கிரைண்டரைக் கழுவி (கிரைண்டர் கழுவுவது அரைப்பதை விடப் பெரிய தொல்லை என்பது கழுவியவர்களுக்குத் தெரியும்), தினமும் வார்த்து எடுக்கிறவர் வந்துவிட்டார். உடம்பு வலி குறைந்தது உண்மை, அதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. ஆனால் காலை நேரம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. எந்திரம் எல்லார் வீட்டுக்கும் போகவில்லை. அரிசி மலிவானதும், உளுந்து கைக்கெட்டியதும் அரசியலால் நடந்தவை. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2007 முதல் துவரம் பருப்பும் உளுத்தம்பருப்பும் சலுகை விலையில் வந்தன. ரேஷன் புழுங்கலரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காதவர்கள்கூட இட்லிக்கு ஊறப்போட்டார்கள், நன்றாகவே வந்தது. மிச்சமிருந்த தடை கிரைண்டர் ஒன்றுதான். 2011 சட்டமன்றத் தேர்தலில் அதுவும் மேடை ஏறியது. திமுக, பெண்களுக்கு மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றது. அதிமுக, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. ஜெயலலிதா வென்றார். அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது.

இந்த "இலவசம்" பற்றி அப்போது ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த கேலிகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு விஷயத்தை மட்டும் அந்தக் கேலிக்காரர்கள் யோசிக்கவில்லை. மாவாட்டுவது என்றால் என்ன என்று தெரிந்த ஒரு தலைமுறைப் பெண்கள் வாக்காளர்களாக இருந்தார்கள். வேலைக்காரப் பெண்ணை வைத்து அரைத்த வீட்டில் பிறந்தவருக்குக் கிரைண்டர் ஒரு சாதனம். அந்த வேலைக்காரப் பெண்ணின் வீட்டுக்கு அது வந்து சேர்வது வேறு விஷயம். இரண்டு கட்சிகளும் அதைச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தன. வேடிக்கை என்னவென்றால், கிரைண்டர் வந்த நேரத்தில் கரண்ட் இல்லை! 2012-ல் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. எப்போது கரண்ட் வரும் என்று பார்த்து ஊறப்போட்டார்கள், நள்ளிரவில் எழுந்து அரைத்தார்கள். பாதி அரைபடும்போது நின்றுபோன மாவைத் திட்டிக்கொண்டே மூடி வைத்தார்கள். வீட்டில் ஆட்டுக்கல்லோ, எப்போதோ கொல்லைப்புறத்துக்குப் போய் மழைத்தண்ணீர் தேங்கும் தொட்டியாகியிருந்தது.

அரைப்பதற்கு எந்திரம் வந்தாலும் புளிப்பதற்கு எந்திரம் கிடையாது. அது தானாக நடக்க வேண்டும், அதற்கு இரவு வேண்டும். 1965-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இட்லி மாவை உப்பவைப்பதில் முக்கியப் பங்கு லூகோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டினார்கள். அது வெளியிலிருந்து சேர்ப்பதல்ல, உளுந்திலும் அரிசியிலும் ஏற்கனவே இருப்பது. வெயில் ஊரில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிர் ஊரில் பதினாலு மணி ஆனாலும் அசையாது. (சிகாகோவிலும் டொரொண்டோவிலும் தமிழ்க் குடும்பங்கள் மாவுப் பாத்திரத்தை அவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுவது இதற்காகத்தான்.) ஃபிரிட்ஜ் வந்ததில் நடந்த மாற்றம், புளிப்பை ஒரு கட்டத்தில் நிறுத்திவைக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் வியாழன் வரை ஓட்டலாம். முதல் இரண்டு நாள் இட்லி, புளிப்பு ஏறினால் தோசை, இன்னும் ஏறினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், கடைசியில் பணியாரம். இந்த வரிசையை யாரும் சமையல் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை.

புளிப்பையும் சேர்த்துக் கடையிடம் தள்ளிவிட முடியுமா என்பது அடுத்த கட்டம். புனேயில் 1963-ல் தொடங்கிய கிட்ஸ் நிறுவனம் உடனடி மிக்ஸ்களை விற்றது. எம்.டி.ஆர். அதற்கு வந்தது வேறு வழியில். நெருக்கடி நிலைக் காலத்தில் ஹோட்டல் பண்டங்களுக்கு அரசு விலைக் கட்டுப்பாடு விதித்தது. அந்த விலைக்குத் தரமாகக் கொடுக்க முடியாது என்று ஹோட்டலை மூடிவிட்டு, ரவை இட்லி மிக்ஸைப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். ஹோட்டல் மறுபடி திறந்தது 1984-ல். அதற்குள் பாக்கெட் தனித் தொழிலாகிவிட்டது. 2007-ல் அந்த உணவு நிறுவனத்தை நார்வேயின் ஆர்க்லா வாங்கியது. போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்த ஒரு பண்டம் நெருக்கடி நிலையில் பாக்கெட்டுக்குள் போய், ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் கணக்குப் புத்தகத்தில் போய் நின்றது! இதற்கு நடுவே 1983-ல் மேகி நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்து இரண்டு நிமிஷக் கணக்கை எல்லார் மனசிலும் பதித்துவிட்டது.

ஆனால் மிக்ஸ் என்பது சோடா உப்பின் இட்லி. புளித்த மாவின் ருசி அதில் வராது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல, தெருவில் இருந்தவர்கள். வீட்டில் ஒரு பெரிய கிரைண்டர் போட்டு, அரைத்த மாவைப் பாலித்தீன் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு மளிகைக் கடையில் வைத்தார்கள். "இட்லி மாவு கிடைக்கும்" என்ற அட்டை எல்லாத் தெருவிலும் தொங்கியது. 2005-ல் பெங்களூரில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் ஒரு சின்ன அறையில் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ரப்பர் பேண்ட் பாக்கெட்டைத்தான். அதையே சுத்தமாக, ஒரே தரத்தில் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. சில வருஷங்களில் மாவு இந்திய வரிக் கொள்கைக்குள்ளும் வந்துவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது இட்லி தோசை மாவுக்கு 18 சதவீதம். எதிர்ப்புக் கிளம்பி, செப்டம்பரில் 12, நவம்பரில் 5 என்று இறங்கியது.

பாக்கெட் மாவில் இட்லி சுடுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கடைசியாக எப்போது கிரைண்டர் கழுவினார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிஷம். அந்த வேலையில் கொஞ்சமாவது பங்கெடுக்கும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. கிரைண்டர், மிக்ஸி, கேஸ், பாக்கெட் எல்லாம் வந்த பிறகுள்ள கணக்கு இது. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிஷம், ஒரு ஈடு இட்லி வேகும் நேரம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது என்பதுதான் இதில் ரசிக்கத்தக்கது.

காலை அவசரத்தின் ஒரு பகுதியை வீட்டிலிருந்து வெளியே எடுத்த ஒரு முயற்சியும் இந்த வரிசையில் சேர வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுக்க விரிந்தது. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவதைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. உணவுப் பட்டியலில் இருந்தவை உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை என்று உப்புமாவிலேயே நாலு வகை. இட்லி இல்லை. நூற்றுக்கணக்கான தட்டுகளுக்குப் பள்ளி மணி அடிப்பதற்குள் சூடாகச் செய்து முடிக்க வேண்டிய சமையலறையில், முந்தின நாள் வேலை கேட்காத பண்டங்களுக்குத்தான் இடம்.

2025-ல் அந்தப் பட்டியலில் ஒரு திருத்தம் செய்தார்கள். திங்கட்கிழமை அரிசி உப்புமாவை எடுத்துவிட்டு, பொங்கலும் சாம்பாரும் போட்டார்கள்.